கம்யூனிட்டி காலேஜில் சேல்ஸும் மார்க்கெட்டிங்கும்: எந்தப் படிப்பு யாருக்கு?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு கம்யூனிட்டி காலேஜின், அதாவது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரியின், படிப்புப் பட்டியலைத் திறந்து 'மார்க்கெட்டிங்' என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு பெயர்கள் வரும். மார்க்கெட்டிங் சர்ட்டிஃபிகேட். மார்க்கெட்டிங்கில் ஏ.ஏ.எஸ்., அதாவது வேலைக்கென்றே வடிவமைத்த இரண்டு வருட அசோசியேட் பட்டம். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் ஏ.எஸ்., இதுவும் அசோசியேட் பட்டமே, ஆனால் டிரான்ஸ்பருக்கு, அதாவது பிறகு யூனிவர்சிட்டிக்கு மாறிப் போவதற்கு என்று குறித்தது. சில இடங்களில் சேல்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன சர்ட்டிஃபிகேட். கட்டடம் ஒன்றுதான், பல வகுப்புகளுக்கு ஆசிரியரும் ஒருவரே. ஆனால் போய்ச் சேரும் இடங்கள் வேறு வேறு.

எனவே 'மார்க்கெட்டிங் படிக்கலாமா' என்பதற்கு முன்னால் வேறொரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அடுத்த நான்கைந்து வருடத்தில் உங்களுக்கு பேச்சிலர்ஸ் பட்டம் தேவைப்படுமா, படாதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற குழப்பங்களில் முக்கால்வாசி தானாகவே தெளிந்துவிடும். இது தெரியாமல் கட்டணத்தையும் வீட்டுக்குப் பக்கம் என்பதையும் மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள்தான், பிறகு யூனிவர்சிட்டி வாசலில் கிரெடிட்டை (முடித்த பாடங்களுக்கான மதிப்புக் கணக்கை) தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

இந்த இரட்டைத் தன்மை கம்யூனிட்டி காலேஜின் பிறப்பிலிருந்தே வருவது. இல்லினாயில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் நாட்டின் முதல் பொது கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்கள். யூனிவர்சிட்டிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை மாணவர்கள் தங்கள் ஊரிலேயே முடிக்கட்டும் என்பதுதான் அதன் தொடக்க நோக்கம். வேலைப் பயிற்சி பின்னர் சேர்ந்து, காலப்போக்கில் அதற்குச் சமமாக வளர்ந்தது. இன்றும் பெரும்பாலான காலேஜ்கள் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கூரையின் கீழ் செய்கின்றன. மார்க்கெட்டிங் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் துறை என்பதால் குழப்பமும் இதில்தான் அதிகம்.

ஏ.ஏ.எஸ்.: நேராக வேலைக்கு

ஏ.ஏ.எஸ். பட்டம் பொதுவாக 60 செமஸ்டர் கிரெடிட்டை ஒட்டி வரும். முழு நேரமாகப் படித்தால் இரண்டு வருடம். மார்க்கெட்டிங் அடிப்படைகள், நுகர்வோர் நடத்தை, விளம்பரம், டிஜிட்டல் மார்க்கெட்டிங், ரீடெய்ல், தொழில்முறை விற்பனை என்று துறைப் பாடங்கள் நிறைய இருக்கும். கணிதம், ஆங்கிலம், சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள் குறைவு. பல காலேஜ்களில் இன்டர்ன்ஷிப்பும் பட்டத்தின் ஒரு பகுதி.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தெரிவது தொழில்முறை விற்பனை வகுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும்: வாடிக்கையாளரைத் தேடுவது, அணுகுவது, தேவையைக் கேட்டறிவது, பொருளை விளக்குவது, மறுப்புகளைச் சமாளிப்பது, முடிப்பது, பின்தொடர்வது என்று பாடப் புத்தகம் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகும். உயிர் இருப்பது ரோல்-ப்ளேயில். ஒரு மாணவர் விற்பவர், எதிரில் ஆசிரியரோ வேறொரு மாணவரோ வாங்குபவர். பத்துப் பதினைந்து நிமிட உரையாடலை வீடியோ எடுப்பார்கள், பிறகு அதைத் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் எத்தனை திறந்த கேள்விகள் கேட்டார், வாங்குபவர் பேசும்போது குறுக்கிட்டாரா, விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்தக் கடைசி விஷயம் கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். விலையைச் சொன்ன மறுநொடி, எதிரில் இருப்பவர் எதுவும் சொல்லாமலே, "வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம்" என்று நாமே இறங்கிவிடுவோம். வீடியோவில் அதைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியவரும்.

நம் ஊரிலிருந்து வந்து படிப்பவர்கள் உச்சரிப்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய தடை இல்லை. கேள்வி கேட்காமல் விளக்கிக்கொண்டே போவதுதான் உண்மையான தடை. நன்றாகப் படித்த பிள்ளைகள் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள், எதிராளியைப் பேசவைக்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்திருக்காது. இதைப் பழகிக்கொள்ள மாணவர் எண்ணிக்கை குறைந்த, நேரில் நடக்கும் வகுப்பைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இந்தப் பட்டம் என்ன வேலை தரும்? இங்கே சேல்ஸையும் மார்க்கெட்டிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமான நுழைவுக் கல்வித் தகுதி என்னவென்று வெளியிடுகிறது. மார்க்கெட்டிங் மேனேஜருக்கும் சந்தை ஆய்வாளருக்கும் அது பேச்சிலர்ஸ் பட்டம். மொத்த வணிக, உற்பத்தி நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளில், தொழில்நுட்பம் சாராத பொருட்களை விற்பவர்களுக்குப் பள்ளிப் படிப்பே போதும். தொழில்நுட்ப, அறிவியல் பொருட்களை விற்பவர்களுக்கு பேச்சிலர்ஸ். இன்சூரன்ஸ் முகவருக்குப் பள்ளிப் படிப்பும் மாநில லைசென்ஸும்.

ஆக, தொழில்நுட்பம் சாராத சேல்ஸ்தான் உங்கள் நோக்கம் என்றால் ஏ.ஏ.எஸ். தாராளமாகப் போதும், பல இடங்களில் அது கேட்பதைவிடக் கூடுதல் தகுதி. உள்ளே போன பிறகு பேசுவது எண்கள்தான். எத்தனை விற்றீர்கள் என்பது தெளிவாகத் தெரியும் தொழிலில் பட்டத்தின் பெயர் சீக்கிரமே பின்னுக்குப் போய்விடும். மாறாக, ஒரு பெரிய நிறுவனத்தின் பிராண்ட் குழுவில் உட்கார வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும், மேனேஜராக வேண்டும் என்ற கனவு இருந்தால், ஏ.ஏ.எஸ்.ஸோடு நிறுத்துவது தொடக்கத்திலேயே கதவைக் குறுக்கிக்கொள்வது.

டிரான்ஸ்பர் வழி: மார்க்கெட்டிங் படிக்க மார்க்கெட்டிங்கைத் தள்ளிவைப்பது

அடுத்தது பலரும் தடுக்கி விழும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மார்க்கெட்டிங்கில் பேச்சிலர்ஸ் வாங்குவதுதான் குறிக்கோள், முதல் இரண்டு வருடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கலாம் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். சரியான முடிவு. உடனே காலேஜில் இருக்கிற மார்க்கெட்டிங் பாடங்களை எல்லாம் எடுக்கிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பல யூனிவர்சிட்டிகளின் பிசினஸ் பிரிவுகளில் 'மார்க்கெட்டிங் அடிப்படைகள்' என்பதே மூன்றாம் ஆண்டுப் பாடம். கம்யூனிட்டி காலேஜில் படித்தது முதல் இரண்டு ஆண்டுகளின் தரத்தில் எண்ணப்படும். யூனிவர்சிட்டியின் கிரெடிட் மதிப்பீட்டுத் தாள் வரும்போது, அந்தப் பாடங்களுக்கு எதிரே துறைப் பாடத்தின் எண் இருக்காது, 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்ற ஒரே சொல்தான் இருக்கும். கிரெடிட் கணக்கில் சேரும், பட்டத்துக்கு உதவாது. அதே பாடத்தை யூனிவர்சிட்டிக் கட்டணத்தில் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

டிரான்ஸ்பருக்குப் போகிறவர் கம்யூனிட்டி காலேஜில் முடிக்க வேண்டியவை வேறு: நிதிக் கணக்கியல், நிர்வாகக் கணக்கியல், மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம், புள்ளியியல், யூனிவர்சிட்டி கேட்டால் கால்குலஸ், பல இடங்களில் வணிகச் சட்டம், கூடவே பொதுக்கல்விப் பாடங்கள். பட்டியலில் மார்க்கெட்டிங் என்ற சொல்லே இல்லாதது போலத் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும். கணக்கியலும் புள்ளியியலும் வறட்சியாக இருக்கிறதென்று தள்ளிப்போட்டுவிட்டு விளம்பர வகுப்பில் உட்கார்ந்தால் டிரான்ஸ்பர் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

சில மாநிலங்கள் இந்த வழியை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 2010-ல் வந்த சட்டத்தின்படி 'டிரான்ஸ்பருக்கான அசோசியேட் பட்டம்' என்று தனி வகை உண்டு. அதை முடித்தால் கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநில யூனிவர்சிட்டி) அமைப்பில் ஓரிடம் உறுதி. விரும்பிய வளாகமும் விரும்பிய பிரிவும் கிடைக்கும் என்பதற்கு மட்டும் உறுதி இல்லை. எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூனிவர்சிட்டியில் எதற்குச் சமம் என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வேறு மாநிலங்களில் இரு நிறுவனங்களுக்கு இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். "பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்கக் கூடாது. உங்கள் படிப்பின் பெயரும் சேரும் ஆண்டும் குறித்த காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற மாணவர் தரவு அமைப்பின் கணக்குப்படி கம்யூனிட்டி காலேஜில் சேருபவர்களில் சுமார் மூன்றில் ஒருவரே நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார், ஆறு வருடத்துக்குள் பேச்சிலர்ஸ் வரை முடிப்பவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். எல்லோரும் கிரெடிட் தொலைத்ததால் நின்றவர்கள் இல்லை. வேலை, குழந்தை, பணம் என்று காரணங்கள் பல. ஆனால் ஏற்கெனவே தோளில் சுமை இருப்பவருக்கு, எடுத்த பாடத்தையே மறுபடி எடு என்பது கடைசி அடியாகிவிடுகிறது.

ஏ.ஏ.எஸ். முடித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால்? வழி முழுவதும் அடைபட்டுவிடாது. ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜ்களே வேலை சார்ந்த பயன்முறை (அப்ளைட்) பேச்சிலர்ஸ் பட்டங்களை நடத்துகின்றன, அவற்றில் பல ஏ.ஏ.எஸ். பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். உங்கள் மாநிலத்தில் அது இருக்கிறதா என்று முதலிலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நேரே நான்காண்டுக் கல்லூரிக்குப் போவதா?

கட்டணத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது. கலிபோர்னியாவில் உள்ளூர்வாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட் (கிரெடிட்) ஒன்றுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். கால் ஸ்டேட்டில் 2025-26 கல்வியாண்டின் முழு நேர டியூஷன் மட்டும் 6,450 டாலர், வளாகக் கட்டணங்கள் தனி. அதாவது அங்கே ஒரு வருடத்துக்கு ஆகும் டியூஷனில் பாதிக்கும் குறைவாக இங்கே இரண்டு வருடப் படிப்பு முடிகிறது. டென்னஸியில் பள்ளி முடித்த கையோடு வருபவர்களுக்கு 2015-லிருந்தும், பட்டம் இல்லாத வயதுவந்தோருக்கு 2018-லிருந்தும் கம்யூனிட்டி காலேஜ் டியூஷனே இல்லாத திட்டங்கள் நடக்கின்றன. தகுதியுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) உண்டு. 2025-26-க்கு அதன் உச்சத் தொகை 7,395 டாலர். அது பல மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜ் டியூஷனைத் தாண்டி, புத்தகச் செலவுக்கும் மிச்சம் வைக்கும்.

நான்காண்டுக் கல்லூரி தருவது வேறு வகை லாபம். நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுப்பதும், மூன்றாம் ஆண்டு முடிவில் கிடைக்கும் கோடை இன்டர்ன்ஷிப்பும் முதல் வருடத்திலிருந்தே அங்கே இருப்பவர்களுக்குத்தான் எளிது. டிரான்ஸ்பரில் வருபவர் மூன்றாம் ஆண்டில் நுழைந்த சில வாரங்களிலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், வளாகத்தில் ஒருவரையும் தெரிந்திருக்காது. பெரிய நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பயிற்சித் திட்டம்தான் இலக்கு, நல்ல உதவித்தொகையும் கிடைத்திருக்கிறது என்றால் நேரே போவதுதான் சரி. கடன் வாங்கித்தான் போக வேண்டும், துறையும் இன்னும் முடிவாகவில்லை என்றால் கம்யூனிட்டி காலேஜ். கௌரவத்துக்காக முதல் இரண்டு வருடத்தைக் கடனில் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கையில் கிடைக்கும் பேச்சிலர்ஸ் சான்றிதழில் பட்டம் தந்த யூனிவர்சிட்டியின் பெயர்தான் இருக்கும்.

சர்ட்டிஃபிகேட்டா, இலவச இணையப் பயிற்சியா?

கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் கூகுள் ஆட்ஸ் சான்றிதழ் இலவசம், ஒரு வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களான ஹப்ஸ்பாட்டின் அகாடமியும் சேல்ஸ்ஃபோர்ஸின் டிரெய்ல்ஹெட்டும் இலவசமே. கருவிகளைக் கற்றுக்கொள்ள இவை காலேஜ் வகுப்பைவிட மேல், ஏனென்றால் கருவி மாறும் வேகத்துக்குப் பாடத்திட்டம் மாறாது. எனவே டிஜிட்டல் விளம்பரக் கருவிகளை மட்டும் கற்பதற்காக ஒரு செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

காலேஜ் சர்ட்டிஃபிகேட் வெல்லும் இடங்கள் வேறு. ரோல்-ப்ளே, உள்ளூர்க் கடைக்கோ அமைப்புக்கோ உண்மையான மார்க்கெட்டிங் திட்டம் போட்டுக் கொடுக்கும் வகுப்புப் பணி, பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஆசிரியர், டெக்கா என்ற மாணவர் அமைப்பு நடத்துவது போன்ற வணிகப் போட்டிகள். இவை திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தால் கிடைக்காது. இன்னொன்று: 2025-ல் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்கு உட்பட்ட, தகுதிபெற்ற தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் கிராண்ட் நீள்கிறது. எல்லாக் குறுகிய படிப்புகளும் அதில் வராது, உங்கள் மாநிலம் அங்கீகரித்திருக்க வேண்டும்.

விசா குறுக்கே வரும்போது

நம்மவர்களில் பலருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். பெல் கிராண்ட் முதலான மத்திய உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும் மட்டும்தான். எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது), எஃப்-1 (மாணவர் விசா) ஆகியவற்றில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

எச்-4-ல் இருக்கும் கணவனோ மனைவியோ படிக்கத் தடையில்லை. முழு நேரமாகத்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரே ஒரு மாலை வகுப்பும் எடுக்கலாம். கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களில் வசிப்பிட நிபந்தனைகள் நிறைவேறினால் உள்ளூர்க் கட்டணமே போதும். ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. ஏ.ஏ.எஸ்.ஸில் இன்டர்ன்ஷிப் கட்டாயமாக இருந்தால் அதற்குப் பதிலாக வேறு பாடம் எடுக்கலாமா என்று சேருமுன்பே கேட்டுவிடுங்கள்.

இவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே பி.காம்., பி.இ. என்று முடித்தவர்கள். அவர்கள் இங்கே வந்து மறுபடி ஓர் அசோசியேட் பட்டத்துக்கு இரண்டு வருடம் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பது அதைவிட உயர்ந்த பட்டம். அதை முறைப்படி மதிப்பீடு செய்து வாங்கிக்கொண்டு, விற்பனை வகுப்பு ஒன்று, டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஒன்று, வணிகத் தொடர்பு ஒன்று என்று தேர்ந்தெடுத்து ஒரு சர்ட்டிஃபிகேட்டோடு நிறுத்தினால் போதும். வேலை அனுமதி வரும் நாளில் இந்த நாட்டு வகுப்பறை அனுபவமும் பேசக்கூடிய இரண்டு மூன்று திட்டப்பணிகளும் கையில் இருக்கும்.

எஃப்-1 கதை வேறு. முழு நேரப் படிப்பு கட்டாயம். ஒரு செமஸ்டரில் இணைய வகுப்பு ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். கட்டணமும் வெளியூர்க்காரர் கட்டணம். அசோசியேட் பட்டத்துக்குப் பின் 12 மாத ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி, கிடைக்கும், பிறகு பேச்சிலர்ஸ் முடித்தால் மறுபடி 12 மாதம். எச்-1பி-க்கோ குறைந்தது பேச்சிலர்ஸ் தரத்துத் தகுதி வேண்டும். பொதுவான மார்க்கெட்டிங் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராததால் அந்தப் பட்டியலுக்குத் தரும் கூடுதல் 24 மாத ஓ.பி.டி.யும் கிடைக்காது. எனவே எஃப்-1-ல் வந்து ஏ.ஏ.எஸ்.ஸோடு நிற்பது பாதி வழியில் இறங்கிக்கொள்வது. வருவதானால் டிரான்ஸ்பர் வழியில் மட்டுமே வர வேண்டும், அதுவும் போய்ச் சேரும் யூனிவர்சிட்டியை முடிவுசெய்துவிட்டு.

எச்-4-ல் வளரும் பிள்ளைகளுக்கு அந்த விசா 21 வயது வரைதான் என்ற எல்லை இருக்கிறது. 18 வயதில் கம்யூனிட்டி காலேஜில் சேருபவர் டிரான்ஸ்பராகும் சமயத்தில் அந்த எல்லையும் நெருங்கும். எஃப்-1-க்கு மாறுவதை எப்போது தொடங்குவது என்று முதல் செமஸ்டரிலேயே காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுவைப்பது நல்லது.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் எந்தப் படிப்பிலும் சேராமல், வரும் செமஸ்டரில் தொழில்முறை விற்பனை வகுப்பை மட்டும் எடுங்கள். எஃப்-1-ல் இருப்பவர்களுக்கு இது முடியாது; குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், எச்-4-ல் இருப்பவர்கள் எடுக்கலாம். முதல் ரோல்-ப்ளே வரைக்கும் இருந்து பாருங்கள். மறுப்பைக் கேட்டதும் மனம் சுருங்கிப்போகிறதா, அடுத்த கேள்வியைத் தேடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மனம் சுருங்குகிறது, எண்களும் எழுத்தும்தான் பிடிக்கின்றன என்றால் உங்கள் இடம் மார்க்கெட்டிங், அதற்கு பேச்சிலர்ஸ் வேண்டும், அடுத்த செமஸ்டரில் புள்ளியியலும் கணக்கியலும் எடுங்கள். அடுத்த கேள்வியைத் தேடுகிறது என்றால் ஏ.ஏ.எஸ். படிப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்த ஒரு வகுப்பின் கிரெடிட் பெரும்பாலும் அதிலேயே கணக்காகிவிடும்.